ஃபார்மட் என்ற ஒரு சொல்



போன ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே நாலு ஃபிளாப்பி, பத்துப் பன்னிரண்டு சிடி. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேரன் ஃபிளாப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது என்ன?" என்றான். அவனுக்குச் சொன்ன பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் பர்சனல் கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனுடன் வந்த டாஸ் மென்பொருளின் முதல் பதிப்பிலேயே ஃபார்மட் கட்டளை இருந்தது. கறுப்புத் திரையில் ஃபார்மட் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஏ என்ற எழுத்தும் முக்காற்புள்ளியும் போட்டால், புது ஃபிளாப்பி பயன்படுத்தத் தயாராகும்.

அது என்ன செய்கிறது? வகுப்பில் நான் சொன்ன உதாரணம் நோட்டுப் புத்தகம். புது ஃபிளாப்பி கோடு போடாத வெள்ளைத் தாள். ஃபார்மட் அதில் கோடு போடுகிறது. மூன்றரை அங்குல ஃபிளாப்பியில் ஒரு பக்கத்துக்கு 80 வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்திலும் 18 கட்டங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 2,880 கட்டங்கள். கட்டத்துக்கு 512 பைட். பெருக்கிப் பாருங்கள், 14,74,560 வரும். இதைத்தான் 1.44 எம்பி என்று அட்டையில் போட்டார்கள். கோடு போட்டபின், எந்தப் பாடம் எந்தக் கட்டத்தில் என்று சொல்லும் பொருளடக்கத்துக்கும் முன்னால் இடம் ஒதுக்கிவிடும்.

ஹார்ட் டிஸ்க்கில் கதை வேறு. டாஸ் காலத்தில் ஃபார்மட் செய்தாலும் உள்ளே இருந்த எழுத்து பெரும்பாலும் அப்படியே கிடக்கும். பொருளடக்கம் மட்டும் புதிதாகும். அதனால்தான் 1991-ல் வந்த டாஸ் ஐந்தாம் பதிப்பில் அன்ஃபார்மட் என்றொரு கட்டளையையே கொடுத்தார்கள். கிழித்த பொருளடக்கத்தை ஒட்டித் தரும் வேலை அது. 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டா இதை மாற்றியது. முழு ஃபார்மட் என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் பூஜ்யம் எழுதிவிடும். கட்டளையோடு க்யூ என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தால் மட்டும் பழையபடி மேலோட்டமான வேலை.

இந்த வட்டுகளை நம் நாட்டில் பெரிய அளவில் செய்தது மோசர் பேயர். 1983-ல் டெல்லியில் தொடங்கி, 1988-ல் ஃபிளாப்பி, 1999-ல் எழுதும் சிடி என்று வளர்ந்தது. 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று தமிழ்ப் படங்களை அவர்கள் விற்றது பலருக்கும் நினைவிருக்கும். பென் டிரைவும் இணையமும் வந்தன. 2018-ல் அந்த நிறுவனமே கலைப்புக்குப் போனது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். நான் வேலை பார்த்தது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-ல் நோக்கியா வந்தது. பிறகு ஒரகடம் வரை கம்பெனிகள். கேழ்வரகு விளைந்த மேட்டுநிலத்தில் சுற்றுச்சுவர் எழுந்தது. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என் மாணவிகள் எத்தனையோ பேர் நீலச் சட்டை போட்டு கம்பெனி பஸ் ஏறியதால்தான் அந்த வீடுகளில் தளம் போட்டார்கள்.

ஆனால் ஏரியைப் பற்றி எனக்கு ஒரு கவலை இருந்தது. எங்கள் ஊரில் ஒரு நீர்க்கட்டி இருந்தார். எண்பது வயது. எந்த மதகை எப்போது திறப்பது, கலங்கல் தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாகப் போகும், எந்த ஓடை எந்தச் சர்வே கல்லருகே திரும்பும் என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருந்தது. 2008-ல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போய் இரண்டு மணி நேரம் அவர் பேச்சைப் பதிவு செய்தோம். பள்ளிக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். பாதுகாப்புக்கு ஒரு பிரவுசிங் சென்டரில் கொடுத்து, அழித்து எழுதும் சிடி ஒன்றிலும் பதிந்து வாங்கினேன்.

சில மாதத்தில் பள்ளிக் கம்ப்யூட்டரில் வைரஸ். வந்த மெக்கானிக் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டுப் போனார். சிடிதான் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். போட்டுப் பார்த்தால் திறக்கவில்லை. பிரவுசிங் சென்டரில் விஸ்டா. அதில் யூடிஎஃப் என்ற வட்டு முறையின் 2.50 பதிப்பில் சிடியை ஃபார்மட் செய்திருக்கிறார்கள். எங்கள் பள்ளியின் எக்ஸ்பிக்கு 2.01 வரைதான் படிக்கத் தெரியும். இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. சிடி வீண் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பிறகு ஒரு பயிற்சி வகுப்பு. கறுப்புத் திரையில் ஃபார்மட் கட்டளையைக் காட்ட, அழித்து எழுதும் சிடி யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் எழுந்து நீட்டினேன். நானே தட்டினேன். க்யூ போடவில்லை. ஹார்ட் டிஸ்க் என்றால் எச்சரித்து, வட்டின் பெயரைக்கூடக் கேட்கும். இதற்குப் புது வட்டைப் போட்டு என்டர் தட்டு என்றுதான் கேட்டது. தட்டினேன். அந்தக் கம்ப்யூட்டரிலும் விஸ்டாதான். தட்டும் முன் ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் பெரியவர் பேசியிருப்பார்.

மறுபடி பதியலாம் என்று போனபோது அவர் காலமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது.

2015 டிசம்பர் முதல் தேதி மழையை யாரும் மறக்க முடியாது. செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29,000 கனஅடி திறந்தார்கள். அந்த ஏரிக்கு நம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் போகிறது. எங்கள் தெருவில் இடுப்பளவு நின்றது. பழைய கலங்கல் கால்வாய் எது வழியாகப் போனது என்று பஞ்சாயத்தில் கேட்டார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்கள். நான் பேசாமல் நின்றேன்.

நோக்கியா ஆலையும் 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஏறத்தாழ எட்டாயிரம் பேர் வேலை பார்த்த இடம். பிறகு அதே வளாகத்தை சால்காம்ப் வாங்கியது. பழைய நோக்கியா போன்களில் நட்சத்திரம், ஹாஷ், 7370, ஹாஷ் என்று தட்டினால் போன் முழுக்க அழிந்து புதிதாகும். பையன்கள் அதை மந்திரம்போல் சொல்வார்கள்.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன மாதம் வந்தான். அன்று ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு நின்றவன். சிடிக்கு என்ன நடந்தது என்று விளக்கியவனும் அவன்தான். ஏழு மதகுகளில் நாலின் பெயர் அவனுக்கு நினைவிருந்தது. மூன்று வரவில்லை. அந்த நாலையும் பேரனின் நோட்டில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் ஊரிலும் ஒரு நீர்க்கட்டி இருக்கலாம். இந்த வாரமே போய்ப் பேசுங்கள். பதிந்ததை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். எதை அழிக்கும் முன்னும் ஒருமுறை திறந்து பாருங்கள்.