யோபின் கதை கேட்ட நீலகண்டன்

துன்பம் எட்டிப் பாராத வீடு உலகில் இல்லை. மழை பொய்த்தால் உழவனுக்குத் துன்பம். வலை வெறுமையாகத் திரும்பினால் மீனவனுக்குத் துன்பம். கடன், நோய், பிள்ளைகளின் படிப்பு, பெண்ணின் திருமணம் என்று ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு சுமை உண்டு. அச்சுமையை விசுவாசக் கண் கொண்டு நோக்குவது எங்ஙனம் என்பதை வாழ்ந்தே காட்டிய ஒருவர் நம் தென்னாட்டில் தோன்றினார். அவரே புனித தேவசகாயம். அவருடைய வேதசாட்சி மரணத்தை அறியாதவர் நம்மில் சிலரே. ஆயின் அம்மரணத்தில் நிறைவுற்ற பயணம், மாட்டுத் தொழுவத்திலும் வயல் வரப்பிலும் நேர்ந்த இழப்பில் தொடங்கியது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு பிறந்தவர் நீலகண்டன். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மார்த்தாண்ட வர்மா மன்னரின் ஆட்சியில் அரசுப் பணியாளராக விளங்கிய நீலகண்டனுக்குச் செல்வமும் செல்வாக்கும் இருந்தன. திடீரென்று ஆடுமாடுகள் மடிந்தன. பயிர்கள் பட்டுப்போயின என்று அவரது வரலாறு கூறுகிறது. இழப்பு மேல் இழப்பாக வந்ததால் அவர் மனமுடைந்து போனார்.

அவருடைய வாட்டத்தைக் கண்டு காரணம் கேட்டவர் டிலனாய் என்னும் தளபதி. இவரும் இழப்பை அறிந்தவரே. டச்சுக் கம்பெனியின் படையில் வந்து, 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் மன்னரிடம் சிறைப்பட்டவர். பின்னர் அம்மன்னரின் படைக்கே பயிற்சி அளித்து உயர்ந்தவர். கத்தோலிக்கரான டிலனாய், நண்பருக்கு வேதாகமத்திலுள்ள யோபின் வரலாற்றை எடுத்துரைத்தார்.

ஏழாயிரம் ஆடுகளும் மூவாயிரம் ஒட்டகங்களும் படைத்திருந்த யோபு, ஒரே நாளில் அனைத்தையும் இழந்தார், பத்து மக்களையும் இழந்தார், உடலும் புண்ணாயிற்று. பாவம் செய்ததால்தான் இத்தண்டனை என்று நண்பர்கள் சாதித்தார்கள். கடவுளோ அந்நண்பர்களைக் கடிந்துகொண்டார். ஆனால் 'ஏன்' என்று கதறிய யோபுக்கும் அவர் காரணம் கூறவில்லை. உலகின் அடித்தளத்தையும் கடலின் எல்லையையும் விண்மீன்களையும் சுட்டிக் காட்டினார். அவற்றைப் படைத்தவரின் கரத்தில்தான் தானும் இருப்பதை யோபு உணர்ந்தார். துன்பத்தின் காரணம் தெரியவில்லை. அதன் அளவு தெரிந்தது.

நீலகண்டனின் உள்ளத்தைத் தொட்டது இதுவே எனலாம். 1745ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில், சேசு சபையைச் சேர்ந்த புத்தாரி அடிகளாரிடம் அவர் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று சூட்டினார்கள். கடவுளே துணை என்பது அதன் பொருள். அவருடைய மனைவியும் மனந்திரும்பி ஞானப்பூ என்னும் பெயர் பெற்றார்.

அன்பர்களே, இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஞானஸ்நானம் அவருக்குச் செல்வம் தேடித் தரவில்லை. பதவி போயிற்று, மதிப்பு போயிற்று, 1749ஆம் ஆண்டு கையில் விலங்கு வந்தது. எருமை மீது ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்று அடித்தார்கள். புண்களில் மிளகாய்ப் பொடி தடவினார்கள் என்பது வழிவழிச் செய்தி. விசுவாசத்தைக் கைவிட்டால் விடுதலை என்ற நிலையிலும் அவர் அசையவில்லை. 1752 ஜனவரி 14ஆம் நாள், ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. 2012 டிசம்பர் 2ஆம் நாள் முத்திப்பேறு பெற்ற அவரை, 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் என அறிவித்தார்.

மாடு இறந்ததற்காகக் கலங்கிய அதே மனிதர்தான், ஞானஸ்நானம் பெற்ற ஏழு ஆண்டுகளுக்குள் தம் உயிரையே கலங்காமல் கொடுத்தார். மாடும் பயிரும் அற்பம் என்று அவர் கற்றாரில்லை. உழைப்பவனுக்கு அவை அற்பமல்ல. அவற்றை விடப் பெரியவர் ஒருவர் தம்மோடிருக்கிறார் என்று கற்றார். சிறு இழப்பில் கற்ற பாடம் பெரும் வேதனையில் கைகொடுத்தது.

நமக்கும் அதுவே வழி. நோய் வந்தால் மருத்துவரிடம் செல்வோம். கடன் வந்தால் செலவைச் சுருக்கி அடைப்போம். அடுத்த வீட்டார் துன்பத்தில் இருந்தால், யோபின் நண்பர்களைப் போலக் குற்றம் தேடாமல், டிலனாயைப் போல அருகில் அமர்ந்து பேசுவோம். இல்லத்தில் கவலை சூழும் இரவில், குடும்ப செபமாலைக்குப் பின் யோபு ஆகமத்தைத் திறந்து ஒரு பகுதியேனும் வாசிப்போம். யூபிலி கொண்டாடும் நம் பங்கில், தலைமுறை தலைமுறையாக நம் முன்னோர் தங்கள் பாரங்களை இறக்கி வைத்த பீடம் இன்றும் நமக்காகக் காத்திருக்கிறது.

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!