சவரக்கத்தியும் தோலின் குறிகளும்: இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

முடிதிருத்தும் தொழிலினர்க்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் நாவிதர், குடிமகன் என்பன தொழிலையும் ஊர்க் கடமையையும் சுட்ட, மருத்துவர், பண்டிதர், பரியாரி என்பன அறிவைச் சுட்டுகின்றன. யாழ்ப்பாணத் தமிழில் பரியாரி என்பது நாட்டு வைத்தியரையே குறிக்கும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளும் இம்மக்களின் மருத்துவப் பணியையும், இக்குல மகளிர் பேறு பார்த்தமையையும் குறிப்பிடுகின்றன.

சித்த மருத்துவம் வகுத்த 32 புறமருந்துகளுள் கீறல், அறுவை, குருதி வாங்கல் முதலியன கத்தியும் கைப்பழக்கமும் வேண்டுவன. கத்தி வைக்குமுன் தோலைப் படித்தாக வேண்டும். படர்தாமரை விளிம்பில் சிவந்து செதிலுதிர்க்கும், நடுப்பகுதி தெளிந்திருக்கும். புழுவெட்டு விழுந்த இடமோ செதிலின்றி வழுவழுப்பாக இருக்கும். முன்னது தொற்றும், பின்னது தொற்றாது. இரண்டையும் மயங்கியவரின் கத்தி ஒரு தலையின் நோயை மறுதலைக்குக் கொண்டுசெல்லும். வெளிறிய படையில் தொடுவுணர்வு குன்றியிருப்பின் அதனை வெறும் தேமல் என்று விட்டுவிடலாகாது. தொழுநோயை ஐயுற வேண்டும். வெட்டுக்காய வடு சிலர்க்குப் புண்ணின் எல்லை கடந்து மேடிட்டு வளரும். அதனை மீண்டும் கீறினால் மேலும் பெருக்கக்கூடும். பெரியம்மை வடு குழிந்தது. 1975க்குப் பின் இந்தியாவில் அந்நோய் இன்மையால், அவ்வடு இன்று முதியோர் முகங்களில் மட்டுமே எஞ்சியுள்ளது.

1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் மேலைமுறை பயின்றோரையே பதிவேட்டில் ஏற்றியது. 1921இல் அமைந்த உஸ்மான் குழுவின் விளைவாக 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. எனினும் அங்கு நுழைய ஏட்டறிவு வேண்டியிருந்தது. கையறிவு வெளியே நின்றது.

1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தவை திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும். தென்பாண்டி ஊர்களின் குடிமுறையில் விளைச்சலில் பங்கு பெற்ற நாவிதர் தலைமுறைதோறும் அதே குடும்பங்களுக்கே பணி செய்தார். சென்ற முறை மிளகளவு இருந்த மரு இம்முறை வளர்ந்துள்ளதை அவர் கண் அறியும். 1936இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா நிறுவிய ஆலையை ஒட்டி இராசபாளையம் தொழில் நகராயிற்று. இத்தகைய நகரின் சலூன் நாற்காலியில் அமர்பவர் பெரும்பாலும் முன்பின் அறியாதவர். வளர்ச்சியை ஒப்பிட நினைவு இல்லை.

இதனை இழப்பென்று மட்டும் கொள்வது பிழை. குடிமுறை நாவிதர் ஒடுக்கப்பட்டோர்க்கு முடி திருத்துவதை ஊர்க் கட்டுப்பாடு தடுத்தது. அவர்தம் உடல்கள் அந்த அறிவின் எல்லைக்குப் புறத்தே இருந்தன. படையும் வடுவும் அங்கும் இருந்தன, பார்க்கும் கண்தான் இல்லை. தீண்டாமை கருதிச் சேவை மறுப்பதை 1955ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிய பின்னரும், அந்நாற்காலி எல்லார்க்கும் உடனே திறந்துவிடவில்லை.