கரடிப்பால் குடித்த இளவரசன்

கொன்ஸ்தாந்திநோப்பிள் பேரரசியின் மேல் ஒரு பேராயர் ஆசைப்பட்டார். அவள் இணங்கவில்லை. ஆத்திரத்தில் அவர் சுமத்திய பழியைக் கணவன் விசாரிக்காமலே நம்பினான். பிள்ளைத்தாய்ச்சியை நாடு கடத்தினான். பிரான்சின் அரசன் பெப்பின் அவளுடைய உடன்பிறந்தான். அவனிடம் போய்ச் சேருமுன்னே, ஓர்லியன்ஸ் காட்டில் வலி எடுத்தது. இரட்டை ஆண் பிள்ளைகள். ஒன்றைக் கரடி கவ்விக்கொண்டு ஓடியது. தாய் பின்னால் ஓடினாள். திரும்பி வந்தபோது மற்றதையும் காணவில்லை.

அவ்வழியே வந்த பெப்பின்தான் அதைத் தூக்கிப் போயிருந்தான். சொந்த மருமகன் என்று தெரியாமலே அரண்மனையில் வளர்த்தான். கரடி கொண்டுபோனதோ அதன் பாலைக் குடித்து, உடம்பெல்லாம் மயிருடன் காட்டு மனிதனாக வளர்ந்தது. ஊரே அஞ்சிய அந்த மனிதனை அடக்க, ஒரு நாள் அரண்மனைப் பிள்ளையே வாளுடன் புறப்பட்டான்.

காட்டு மனிதன் அடங்கினான். பின்னர் பேசும் பித்தளைத் தலை ஒன்று இருவருடைய பிறப்பையும் போட்டு உடைத்தது. பேராயரின் பொய்யும் வெளிப்பட்டது. பேரரசன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டான். இங்கேயே 'சுபம்' போட்டிருக்கலாம். கதை கட்டியவர் விடவில்லை. அரண்மனையில் வளர்ந்த மகன் போர்க்களத்தில் ஆளறியாமல் தந்தையையே கொன்றான். பாவம் தீர, தன் மாளிகைப் படிக்கட்டின் கீழேயே பிச்சைக்காரனாக ஒடுங்கினான். கட்டிய மனைவிக்கும் அடையாளம் தெரியவில்லை. அழுதார்கள், சேர்ந்தார்கள் என்று இரண்டு வரியில் மன்னிப்பை முடிக்கும் கதைகளுக்கு நடுவே இந்தப் பிடிவாதம் அபூர்வம்தான். ஆனால் இவ்வளவு கனத்த கதை கடல் தாண்டுமா?

1489இல் லியோன் நகரில் பிரெஞ்சு மொழியில் அது அச்சேறியது. ஹென்றி வாட்சன் ஆங்கிலமாக்கினார். அதன் முதற்பதிப்பில் மிஞ்சியவை சில தாள்களே. கதை அதற்கெல்லாம் சாகவில்லை. 1566இல் ஓவியர் புரூகலின் மரச்செதுக்குப் படத்தில் தலைகாட்டியது. 1843இல் டிக்கன்ஸின் 'கிறிஸ்துமஸ் கரோல்' வரை நடந்தது. இடையில் இலங்கையில், 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658இல் அவர்களை விரட்டிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டையே தடைசெய்தார்கள். போர்த்துக்கேயரோடு வந்தவை எல்லாம் அத்துடன் ஒழிந்திருக்க வேண்டும்.

ஒழியவில்லை. 1891இல் திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி அதே இரட்டையரைத் தமிழ் உரைநடையில் இறக்கினார். போர்த்துக்கேய வழியில் வந்த கதையின் தமிழாக்கம் இது என்பது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் கருத்து. யாழ்ப்பாணத்தில் அச்சுவேலி ஞானப்பிரகாச யந்திரசாலை அதை மீண்டும் அச்சிட்டது. சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை'க்கு அடுத்து வந்த ஈழத்து நாவலாகப் பலரும் எண்ணும் 'ஊசோன் பாலந்தை கதை' பிறந்தது இப்படித்தான்.

இது நாவலா, வெறும் தழுவலா என்று விமர்சகர்கள் வழக்காடினார்கள். நாட்டுக்கூத்துக்காரர்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. கத்தோலிக்க ஊர்களின் மேடையில் எஸ்தாக்கியார், ஞானசவுந்தரி என்ற கூத்துப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில், கரடிப்பால் குடித்த ஊசோனும் ஏறி ஆடினான்.