சுமக்கும் விமானமும் அளக்கும் விமானமும்: இஸ்ரோவுக்கு ஒரு பறக்கும் ஆய்வுக்கூடம் ஏன் தேவை

இஸ்ரோவைப் பற்றிய எழுத்தில் ராக்கெட்டுக்கும் செயற்கைக்கோளுக்கும் கிடைத்த இடம் விமானத்துக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு நாட்டின் விண்வெளி நிறுவனம் விமானம் இல்லாமல் இயங்க முடியாது. அதற்கு விமானம் இரண்டு வேலைகளுக்குத் தேவைப்படுகிறது. ஒன்று சுமப்பது: செயற்கைக்கோளை ஏவுதளத்துக்குக் கொண்டுசேர்ப்பது, சோதனைக் கலத்தை மேலே தூக்கிச்சென்று விடுவிப்பது. மற்றொன்று அளப்பது: கருவிகளை வயிற்றில் ஏந்திக்கொண்டு காற்றையும் மண்ணையும் கடலையும் பயிரையும் ஆராய்வது, எடையற்ற நிலையைச் சில விநாடிகளாவது உண்டாக்கித் தருவது.

முதல் வேலைக்கு இரவல் விமானம் போதும், இரண்டாவதற்குப் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். சுமக்கும் வேலையை இஸ்ரோ பிறர் விமானங்களைக் கொண்டே சிறப்பாக நடத்திவருகிறது. அளக்கும் வேலையில் அது அரை நூற்றாண்டுக்கு முன்பே நல்ல தொடக்கம் கண்டது. அந்தத் தொடக்கத்துக்கு ஏற்ற வளர்ச்சி பின்னர் வரவில்லை. இந்தக் குறையைத் தீர்ப்பதற்கு வேண்டிய ஓடுபாதையும் கைத்திறனும் பெங்களூரின் தென்கிழக்கு விளிம்பில், அத்திபெலே மாநில எல்லைக்கு அப்பால் சில கிலோமீட்டரிலேயே இருக்கின்றன.

சுமக்கும் வேலைக்குச் சிறந்த சான்று கர்நாடகத்திலேயே உண்டு. சித்ரதுர்கா மாவட்டத்தில் சள்ளகெரே அருகே உள்ள வானூர்திச் சோதனைத் தளத்தில் 2023 ஏப்ரல் 2 அன்று காலை 7:10 மணிக்கு இந்திய விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் ஒன்று மேலெழுந்தது. இஸ்ரோவின் சிறகுள்ள மறுபயன்பாட்டு ஊர்தி அதன் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர் உயரத்தில் விடுவிக்கப்பட்ட ஊர்தி, மனிதர் யாரும் இயக்காமல் தானே வழிகண்டு, 7:40 மணிக்கு ஓடுபாதையில் இறங்கி நின்றது. 2024 மார்ச் 22 அன்றும் ஜூன் 23 அன்றும் சோதனை மேலும் கடினமாக்கப்பட்டது. மூன்றாம் முறை ஊர்தி ஓடுபாதையின் நேர்கோட்டிலிருந்து 500 மீட்டர் பக்கவாட்டில் விடப்பட்டு, தானே திருத்திக்கொண்டு வந்தது. தரையைத் தொட்டபோது அதன் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கும் மேல். பயணி விமானம் இறங்கும் வேகம் 260 கிலோமீட்டர் அளவே என்பதை வைத்து அந்தச் சாதனையை மதிப்பிடலாம்.

அமெரிக்காவின் நாசா 1977-இல் என்டர்பிரைஸ் விண்ணோடத்தை போயிங் 747 ஒன்றின் முதுகில் ஏற்றிச்சென்று இதே வகைச் சோதனையைச் செய்தது. விண்ணோடத்தைச் சுமக்கவென்றே ஒரு 747 மாற்றியமைக்கப்பட்டது. இஸ்ரோ அப்படி ஒரு விமானத்தை வாங்கவில்லை; விமானப்படையிடம் இருந்ததைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்தியது. அந்த முடிவு சரியானது. மூன்று சோதனைகளுக்காக ஒரு பெரும் விமானத்தைச் சொந்தமாக வைத்துப் பராமரிப்பது நமக்கு ஏற்ற வழியல்ல.

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்திலும் இதே முறைதான். மனிதர் அமரும் கலத்தின் எடைக்கு ஈடான 5 டன் சுமையை ஐஎல்-76 விமானம் 2022 நவம்பர் 18 அன்று ஜான்சி அருகே பாபினாவில் 2.5 கிலோமீட்டர் உயரத்திலிருந்து போட்டது. முதன்மைப் பாராசூட்டுகளுள் ஒன்று விரியாமற்போனால் என்ன ஆகும் என்பதை அறியவே அந்தச் சோதனை. 2025 ஆகஸ்ட் 24 அன்று ஸ்ரீஹரிகோட்டா அருகே சினூக் ஏறத்தாழ 4.8 டன் எடையுள்ள மாதிரிக் கலத்தை 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கடலில் விட்டது. இந்தச் சோதனைகளில் விமானம் செய்தது தூக்கிச்செல்வதும் குறித்த இடத்தில் விடுவதுமே.

செயற்கைக்கோள் போக்குவரத்தும் அத்தகையதே. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோளின் ரேடார் பகுதி கலிபோர்னியாவில் ஒருங்கிணைக்கப்பட்டு, 2023 மார்ச்சில் அமெரிக்க விமானப்படையின் சி-17 விமானத்தில் பெங்களூர் வந்தது. அதன் 12 மீட்டர் விட்டமுள்ள எதிரொளிப்பான் கூடுதல் வெப்பப் பாதுகாப்புப் பூச்சுக்காக மறுபடி அமெரிக்கா போய், 2024 அக்டோபரில் நாசாவின் சி-130 விமானத்தில் பெங்களூரின் எச்ஏஎல் விமான நிலையத்துக்குத் திரும்பியது. 2025 ஜூலை 30 அன்று நிசார் விண்ணேறியது. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் விமானம் யாருடையது என்பதால் அறிவியலுக்கு லாபமோ நட்டமோ இல்லை.

அளக்கும் விமானத்தின் கதை வேறு. இஸ்ரோ 1969 ஆகஸ்ட் 15 அன்று தோன்றியது. அதன் தொலையுணர்வுப் பணி தொடங்கியது கேரளத் தென்னந்தோப்புகளின் மேல் பறந்த ஒரு ஹெலிகாப்டரில். 1970 வாக்கில் அறிவியலாளர் பி.ஆர். பிஷாரடி தலைமையில், அகச்சிவப்பு வண்ணப்படச் சுருள் பொருத்திய கேமராவால் தோப்புகள் படமெடுக்கப்பட்டன. நலமான ஓலை அண்மை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாக எதிரொளிக்கும். நோயுற்ற ஓலை அவ்வாறு செய்யாது. வாடல் நோய் தாக்கிய மரங்களை இவ்வேறுபாட்டால் மேலிருந்தே பிரித்தறிய முடிந்தது. சொந்தச் செயற்கைக்கோள் எதுவும் இல்லாத காலத்தில், ஒரு குடியானவரின் தோப்பிலிருந்து தொடங்கிய இந்த அறிவியல் எனக்குப் பெருமதிப்புக்குரியது. அடுத்து 1974-75இல் ஆந்திரத்தின் அனந்தபூர், பஞ்சாபின் பாட்டியாலா மாவட்டங்களில் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து வான்படங்கள் வழியே பயிர்க் கணக்கெடுப்பு முயற்சி நடந்தது. பின்னாளில் இந்தியத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் பெற்ற நற்பெயருக்கு அடித்தளம் இந்தப் பறப்புகளே.

ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் இந்தப் பணியை பீச்கிராஃப்ட் சூப்பர் கிங் ஏர் பி-200 விமானங்களைக் கொண்டு தொடர்ந்தது. இரட்டை டர்போபிராப் இயந்திரம் கொண்ட இந்தச் சிறு விமானம் செய்த வேலை சிறிதன்று. 2006 மார்ச் முதல் மே வரை நடந்த காற்றுத்தூசு ஆய்வில் அது புவனேஸ்வர், சென்னை, திருவனந்தபுரம், கோவா ஆகிய தளங்களிலிருந்து பறந்து, வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் மேலுள்ள நுண்துகள்களை அடுக்கடுக்காக அளந்தது. 2015 டிசம்பர் முதல் 2016 மார்ச் வரை நாசாவின் அவிரிஸ்-என்ஜி நிறமாலைக் கருவியை ஏந்தி இந்தியாவெங்கும் 57 இடங்களைப் பதிவுசெய்தது. ஒளியை நானூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கும் அந்தக் கருவியால் பயிரின் வகை, கனிமத்தின் தன்மை, நீரின் கலங்கல் ஆகியவற்றைப் பிரித்தறியலாம். பறந்தது இந்திய விமானம், கருவி அமெரிக்காவுடையது. சமமான கூட்டுறவுக்கு நல்ல எடுத்துக்காட்டு இது.

ஆனால் கிங் ஏர் எட்டும் உச்சம் ஏறத்தாழ 10.7 கிலோமீட்டர். பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேலே இடிமேகங்களின் உச்சி 16, 17 கிலோமீட்டர் வரை செல்கிறது. ஆசியாவின் புகையும் தூசும் அங்கே ஏறி அடுக்காகத் தங்குகின்றன. அந்த அடுக்கை ஹைதராபாத்திலிருந்து பலூன்களை ஏவி இந்திய அறிவியலாளர்கள் நாசாவுடன் சேர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். பலூன் காற்று இழுத்த பக்கம் போகும். ஆய்வாளர் வேண்டும் மேகத்தைத் தேடிப்போகாது. தேடிப்போகும் விமானம் 2017 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வந்தது. ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் ஒன்றுக்காக ரஷ்யாவின் எம்-55 ஜியோஃபிசிகா காத்மாண்டுவைத் தளமாகக் கொண்டு, நேபாளம், இந்தியா, வங்கதேசம் ஆகிய நாடுகளின் மேல் 20 கிலோமீட்டர் உயரம்வரை பறந்து மாதிரி எடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பிரிட்டனின் பிஏஇ-146 ஆய்வு விமானம் லக்னோவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பறந்து பருவமழையின் வருகையை அளந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைப்பக்கத்துக்கும், அத்திபெலே போன்ற ஊர்கள் உள்ள மழைமறைவுப் பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பறப்புகளில் பதிவானது. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் அதில் பங்குதாரர். ஆய்வு நல்ல ஆய்வு. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பருவமழையை நம்பி வாழ்வது நாம், அதை அளக்கும் விமானம் எப்போது வரும், எத்தனை வாரம் இருக்கும், எதை முதலில் பார்க்கும் என்று முடிவு செய்வது வேறு தலைநகரங்கள் என்பதே என் கவலை.

செயற்கைக்கோள் இருக்கும்போது விமானம் எதற்கு என்று கேட்பவருக்கு அண்டார்டிக்காவின் ஓசோன் துளையைவிடத் தெளிவான பதில் கிடையாது. 1985-இல் ஜோ ஃபார்மனின் பிரிட்டிஷ் குழு தரைக் கருவிகளால் துளையை அறிவித்தது. நிம்பஸ்-7 செயற்கைக்கோள் அதன் பரப்பைக் காட்டியது. காரணம் என்ன என்பதில் மட்டும் அறிவியலாளர்கள் பிரிந்து நின்றார்கள்: குளிர்பதன வாயுக்களின் குளோரினா, காற்றோட்டமா? 1987 ஆகஸ்ட், செப்டம்பரில் நாசாவின் ஈஆர்-2, டிசி-8 விமானங்கள் சிலி நாட்டின் புந்தா அரீனாஸிலிருந்து பறந்தன. ஈஆர்-2 துளைக்குள்ளேயே நுழைந்தது. அதில் இருந்த அறிவியலாளர் ஜேம்ஸ் ஆண்டர்சனின் கருவி, குளோரின் மோனாக்சைடு ஏறும் இடத்தில் ஓசோன் இறங்குவதை ஒரே பறப்பில் ஒரே வரைபடத்தில் காட்டியது. துளையைச் செயற்கைக்கோள் கண்டது, காரணத்தை விமானம் கண்டது. அந்த விமானங்கள் நாசாவிடம் நிரந்தரமாக இருந்ததால்தான், கேள்வி எழுந்த இரண்டே ஆண்டுகளில் கருவி பொருத்திப் பறக்க முடிந்தது.

இரவல் விமானம் அளவுப்பணிக்கு ஒவ்வாததற்குக் காரணம் தொழில்நுட்பமே. காற்றை உள்ளிழுக்கும் குழாய், அடிப்புறச் சாளரம், கருவிகளுக்கான மின்வழி, இவை விமான உடலையே வெட்டிப் பொருத்த வேண்டியவை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பறத்தகுதிச் சான்று வேண்டும். விமானம் காற்றைக் கிழிக்கும்போது ஏற்படும் பிழையைப் பலமுறை பறந்து அளவிட்டுக் கழித்தால்தான் எண்கள் நம்பத்தக்கவை. போர்ப்பணிக்கு எந்நேரமும் அழைக்கப்படக்கூடிய படைவிமானத்தில் இவற்றைச் செய்ய இயலாது. செய்யச் சொல்லவும் கூடாது.

எடையற்ற நிலை ஆய்வு இன்னொரு காரணம். சென்னை ஐஐடியில் உள்ள வீழ்கோபுரம் 2.5 விநாடி எடையற்ற நிலையைத் தருகிறது. அதற்கு வேண்டிய வீழ்ச்சி ஏறத்தாழ 31 மீட்டர். தேவைப்படும் உயரம் நேரத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 22 விநாடிக்கு 2,370 மீட்டர் விழ வேண்டும். அப்படி ஒரு கோபுரம் கட்ட முடியாது. விமானமோ பரவளையப் பாதையில் ஏறி இறங்கி அந்த 22 விநாடியைத் திரும்பத் திரும்பத் தருகிறது. பிரான்சின் போர்தோவிலிருந்து பறக்கும் ஏர்பஸ் ஏ-310 ஒரே பறப்பில் 31 முறை அப்படிச் செய்கிறது. ககன்யானுக்குத் தேர்வான நம் நால்வர் 2020-21இல் ரஷ்யாவில் பயிற்சி பெற்றபோது, ஐஎல்-76 வகையின் சிறப்பு ஆய்வு விமானத்தில்தான் எடையின்மையைப் பழகினார்கள். 2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம் என்று நாடு இலக்கு வைத்திருக்கிறது. அங்கே போக வேண்டிய திரவப் பம்பும் தீயணைப்புக் கருவியும் உயிரியல் பெட்டியும் முதலில் எங்கே சோதித்துப் பார்க்கப்படும்?

செலவு அதிகம் என்ற மறுப்பு எழும். உலகின் புகழ்பெற்ற ஆய்வு விமானங்கள் பெரும்பாலும் பழைய விமானங்களே. நாசாவின் டிசி-8 1969-இல் கட்டப்பட்டது. 1985-இல் நாசா வாங்கி, 1987 முதல் 2024 வரை ஆய்வுக்குப் பறக்கவிட்டது. அதன் இடத்துக்கு வரும் போயிங் 777-ம் ஜப்பானில் பயணிகளைச் சுமந்ததே. போர்தோவின் ஏ-310 முன்பு ஜெர்மன் அரசின் விமானம். இந்திய விமான நிறுவனங்கள் சேவையிலிருந்து விலக்கும் ஏர்பஸ் 320 வகை விமானம் ஒன்று நமக்குப் போதும். அதற்கு வேண்டிய உதிரிப்பாகமும் விமானியும் பொறியாளரும் இந்நாட்டில் நிறைய. இத்தகைய விமானத்தாலும் 17 கிலோமீட்டர் உயரத்தைத் தொட முடியாது என்பது உண்மை. ஆனால் கிங் ஏர் ஏற்ற முடியாத எடையையும் ஆய்வாளர் குழுவையும் ஏற்றும், பெருங்கடல் நடுவரை போய்த் திரும்பும், பரவளையமும் பறக்கும். டிரோன் போதாதா என்றால், டன் கணக்கில் கருவியைச் சுமந்து கடல் கடக்கும் வேலை சிறு டிரோன்களால் ஆகாது.

இனி இடம். அத்திபெலே சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. ஓசூரிலிருந்து தளி செல்லும் சாலையில் பேளகொண்டப்பள்ளி. அங்குள்ள தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் ஓடுபாதையைச் சுற்றி முப்பதாண்டுத் திறன் சேர்ந்திருக்கிறது. இத்தாலிய வடிவமைப்பான பி-68 இரட்டை இயந்திர விமானம் அங்கே உருவானது. மேலே இறக்கை அமைந்து கீழ்நோக்கிய பார்வை தடையற்றிருப்பதால் அளவைப் பணிக்கு உலகெங்கும் விரும்பப்படும் விமானம் அது. தேசிய விண்வழிப் பரிசோதனைக் கூடம் வடிவமைத்த ஹன்சா பயிற்சி விமானங்களும் அங்கே கட்டப்பட்டன. போயிங் 737, ஏர்பஸ் 320 ரக விமானங்கள் பராமரிப்புக்காக அங்கே வந்திறங்குகின்றன. கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானங்களுக்கும் அங்கே பெரும் பராமரிப்பு நடந்திருக்கிறது. உடலெங்கும் உணரிகள் பொருத்திய விமானத்தைப் பிரித்துப் பூட்டிய கைகள் அந்தப் பட்டறைகளில் ஏற்கெனவே உள்ளன. அத்திபெலேயிலும் ஓசூரிலும் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசும் தொழிலாளர்கள் தினமும் எல்லை கடந்து வேலைக்குப் போய்வருகிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான தொழிற்கல்விக் களம் அமையாது.

ஓசூரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பெங்களூர் விமான நிலையத்தின் 150 கிலோமீட்டர் சுற்றளவில் 2033 வரை புதிய பயணி விமான நிலையத்துக்கு இடம்தராத ஒப்பந்தம் அதன் குறுக்கே நிற்கிறது. ஆய்வு விமானம் பயணச்சீட்டு விற்பதில்லை. அந்த ஒப்பந்தத்தின் நோக்கத்தோடு அது மோதவும் செய்யாது. பயணி நிலையம் பற்றிய பேச்சுவார்த்தை முடியும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இதற்கு இல்லை.

இஸ்ரோவும் புவி அறிவியல் அமைச்சகமும் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகமும் தனித்தனியே விமானம் தேடுவதை விட்டு, மூன்றும் சேர்ந்து ஒரே ஒரு பறக்கும் ஆய்வுக்கூடத்துக்கான சாத்தியக்கூறு ஆய்வைத் தொடங்க வேண்டும். எந்தக் கருவிகள், எந்த விமானம், ஆண்டில் எத்தனை மணி நேரம் பல்கலைக்கழகங்களுக்கு என்பவை அதில் முடிவாகட்டும். தளத்துக்கான இடங்களின் பட்டியலில் பேளகொண்டப்பள்ளியையும் சேர்த்துப் பரிசீலிக்குமாறு இரு மாநில அரசுகளையும் இஸ்ரோவையும் வேண்டுகிறேன்.