நீலகிரி நீலமும் திருக்காளத்திச் செம்மையும்

மலைநாடு சென்று திரும்பும் நம் குடியிருப்பு அன்பர்கள் கொண்டுவரும் பொருள்களுள் ஹைட்ராஞ்சியாத் தொட்டியும் ஒன்று. உதகையில் நீலமாய்ப் பூத்துக் குலுங்கிய செடி, இங்கு வந்த மறு ஆண்டில் ஒரு வீட்டில் இளஞ்சிவப்பாய்ப் பூக்கின்றது. பல வீடுகளில் பூவாமலே நிற்கின்றது. சில வீடுகளில் சித்திரை வெயிலுக்குக் கருகிவிடுகின்றது. விற்றவன் ஏமாற்றினான் என்பர் சிலர். தம் கை ராசியற்றது என்று வருந்துவர் தாய்மார் சிலர். இரண்டும் பொருந்தா என்பதை அச்செடியின் வரலாறே காட்டும்.

இதன் தாயகம் ஜப்பான். அங்கு இதனை அஜிசாய் என்பர். எட்டாம் நூற்றாண்டினதாகிய மன்யோஷு என்னும் பாடற்றொகையிலேயே இம்மலர் இடம்பெற்றுள்ளது. கடற்காற்றும் மழைக்கால ஈரமும் இதற்குப் பழக்கமானவை. ஸ்வீடன் நாட்டு அறிஞர் துன்பர்க் 1784இல் தம் ஜப்பானியத் தாவர நூலில் இதனை விவரித்தார். சில ஆண்டுகளில், சர் ஜோசப் பாங்க்ஸ் என்பாரால் சீனத்தினின்றும் இலண்டன் நகரின் கியூத் தோட்டத்தை அடைந்தது. ஹைட்ராஞ்சியா என்ற பெயரோ, அமெரிக்க நாட்டு உறவினச் செடி ஒன்றுக்கு முன்னரே இடப்பெற்றது. கிரேக்க மொழியில் அதற்கு ‘நீர்க்கலம்’ என்பது பொருள். விதைக்காயின் வடிவு பற்றி எழுந்த பெயராயினும், இதன் தாகத்துக்கும் அது பொருந்துவதே.

அக் கியூத் தோட்டத்திலே பயின்ற மக்கைவர் என்பார் 1848இல் உதகைக்கு வந்து, இன்றும் நாம் கண்டு மகிழும் தாவரத் தோட்டத்தை அமைத்தார். குன்னூரில் சிம்ஸ் பூங்கா 1874இல் தோன்றியது. குளிர்நாட்டு மலர்கள் பல இத்தகைய தோட்டங்களின் வழியே நம் மலைகளில் வேரூன்றின. தேயிலை செழிக்கும் நீலகிரி மண் புளிப்புத்தன்மை மிக்கது. ஹைட்ராஞ்சியா அங்கு நீலமாய்ப் பூப்பதன் காரணம் அதுவே.

மண்ணில் அலுமினியம் உண்டு. மண் புளிப்பாயிருந்தால் அது நீரில் கரைந்து, வேர் வழியே பூவினுள் சென்று, அங்குள்ள நிறப்பொருளோடு கூடி நீலமாகின்றது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலோ அது கரையாது, பூ சிவக்கின்றது. நம் குடியிருப்பின் கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுதி. விற்றவன் மீது குற்றமில்லை என்பது இதனால் விளங்கும். வெண்பூ வகைகள் மட்டும் இவ்வாறு நிறம் மாறுவதில்லை.

இவ்வுண்மை திருக்காளத்திக்குப் புதிதன்று. இவ்வூர்க் கலம்காரிக் கலைஞர், கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில் மூங்கிற் கலத்தால் வரைந்து, சிவக்கவேண்டிய இடங்களிலே படிகார நீரைத் தடவுவர். தடவும்போது அது நிறமற்றது. பொன்முகலி நீரில் அலசிச் சாயவேரோடு கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடமே செம்மை பெறும். படிகாரத்தில் உள்ளதும் அலுமினியமே. துணியிற் செம்மையை நிலைநிறுத்தும் அதே பொருள் பூவிலே நீலத்தைத் தருகின்றது!

ஆதலால் நீலம் விரும்புவோர், முதலில் வெறும் நீரால் மண்ணை நனைத்து, மொட்டு அரும்புமுன் படிகாரத்தைச் சிறிதளவு நீரிற் கரைத்து இடைவெளி விட்டு ஊற்றலாம். மிகுந்தால் வேர் கருகும். சேமித்த மழைநீர் கிணற்று நீரினும் நன்று. சுண்ணாம்புச் சுவரை ஒட்டிச் செடியை வைத்தலாகாது. காலை வெயில் போதும். பிற்பகலில் நிழல் இன்றியமையாதது. அடியிலே சருகும் தென்னைநாரும் பரப்பினால் ஈரம் காக்கும். ஆயின் நீர் தேங்கலாகாது. சென்ற ஆண்டுக் கிளைகளிலேயே மொட்டு உருவாகுமாதலின், பூத்து முடிந்தவுடன் கத்தரித்தல் வேண்டும். காலந்தாழ்த்தி வெட்டுவோர் அடுத்த பூவையே வெட்டுகின்றனர். மொட்டு உருவாகச் சில வாரக் குளிர்ச்சியும் தேவை. நம் ஊர் மார்கழிக் குளிர் அதற்குப் பெரும்பாலும் போதாது. இலை தழைத்துப் பூ வாராதொழியின், அது வளர்த்தவர் கைக்குற்றம் அன்று. இலையும் பூவும் நஞ்சுடையன; குழந்தைகளும் ஆடுமாடுகளும் வாயிலிடாது காத்தல் கடன்.

கண்ணப்பர் தம் தலைமயிரிற் செருகிவந்த காட்டுமலரை ஏற்ற தலம் இது. 1953 வரை சென்னை மாநிலத்தில் இருந்து, பின் ஆந்திரத்திற் சேர்ந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கிய ஊர். நாமும் இங்கே பெயர்ந்து வந்து வேரூன்றியவரே. நீலம் போயிற்றென்று பூத்த செடியைப் பிடுங்கி எறிதல் வேண்டா. இம்மண் தந்த நிறம் அது. தாழ்ந்த கிளையொன்றை வளைத்து மண்ணிலே பதியன் இட்டால் வேர்விடும். வேர்விட்டதை வெட்டி, செடியைக் கண்டு வியந்த தெலுங்கு அண்டைவீட்டாருக்கு ஒன்று கொடுப்போமாக.