தறி நிற்கலாம், மருத்துவமனை நிற்கலாமா?



கமண்டல நாகநதிக் கரையிலுள்ள எங்கள் ஆரணியில் காலை ஐந்து மணிக்கே தறியோசை கேட்கும். பட்டு நெசவு இவ்வூரின் உயிர்நாடி. கூலி கட்டுபடியாகவில்லையென்றால் நெசவாளர் தறியை நிறுத்திவிடுவர். நிறுத்தினால் என்ன ஆகும்? பாவு பாவாகவே கிடக்கும், பட்டுநூல் கெட்டுப்போகாது. வீட்டில் உலை எரியாது என்பது வேறு செய்தி. ஆயினும் நிறுத்தியதால் வேறெவர் உயிருக்கும் தீங்கில்லை. ஊரின் இன்னொரு பக்கத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே பணியாற்றும் செவிலியரின் சம்பளத்தில் அரசு கை வைத்தால் அவர் எதை நிறுத்துவார்? பிரசவ வலியோடு வந்தவளை நாளை வா என்று அனுப்ப இயலுமா? மருத்துவமனைச் சங்கங்கள் போராடும்போது அவசரச் சிகிச்சைக்கு ஆள் விட்டுவைப்பது வழக்கமாக இருப்பதற்கு இதுவே காரணம். இந்த இக்கட்டின் வரலாற்றைத்தான் இன்று சொல்ல விழைகிறேன்.

முதலில் பம்பாய்க்குச் செல்வோம். அங்கே ஜே. ஜே. மருத்துவமனைக் குழுமம் அரசு நடத்தி வந்த நிறுவனம். 1950களின் நடுப்பகுதியில் அங்கிருந்த வார்டு பணியாளர் இருவருக்கு வேலை நீக்க அறிவிப்பு வந்தது. குடிமைப் பொருள் வழங்கல் துறையில் ஆள் குறைத்தபோது வெளியேற்றப்பட்டவர்களுக்கு இடம் தருவதற்காக இவர்களை நீக்கினார்கள். ஒருவர் வயிற்றில் அடித்து இன்னொருவர் வயிற்றை நிரப்பும் சிக்கனம்! சட்டப்படி முன்கூட்டியே தரவேண்டிய இழப்பீடும் தரப்படவில்லை. ஆஸ்பிட்டல் மஸ்தூர் சபை என்ற தொழிற்சங்கம் அவர்களுக்காக வழக்காடிற்று. அரசு என்ன வாதிட்டது தெரியுமா? மருத்துவமனை வாணிகமன்று, தொண்டு. ஆகவே 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் அங்கே செல்லாது என்றது. 1960ஆம் ஆண்டு ஜனவரியில் உச்சநீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. இதே மருத்துவமனையைத் தனியார் ஒருவர் நடத்தினால் அது தொழிலாகும் என்றால், அரசு நடத்துவதால் மட்டும் அதன் தன்மை மாறிவிடாது என்பது நீதியரசர் கஜேந்திரகட்கர் வழங்கிய தீர்ப்பின் சாரம்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1970இல், டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை வழக்கில் அதே நீதிமன்றம் மாறாகத் தீர்ப்பளித்தது. பின்னர் 1978இல் பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் எழுவர் கொண்ட அமர்வு மீண்டும் பழைய கருத்துக்கே திரும்பிற்று. வார்டில் படுக்கை விரிக்கும் பணியாளர் தொழிலாளியா, வெறும் அரசு ஏவலரா என்பதற்கு நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றமே பதினெட்டு ஆண்டுகளுக்குள் இரு முறை எண்ணத்தை மாற்றிக்கொண்டதென்றால், அப்பணியாளர் குழம்புவதில் வியப்பென்ன?

இனி நம் மாநிலத்திற்கு வருவோம். 2001ஆம் ஆண்டிற்குப் பின் தமிழக அரசு நிதி நெருக்கடியைக் காரணங்காட்டி ஊழியர்களின் சலுகைகளை ஒவ்வொன்றாகச் சுருக்கிற்று. ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணம் பெறும் வசதி நின்றது. ஓய்வூதிய விதிகள் இறுகின. 2003 ஏப்ரல் 1 முதல் புதிதாகப் பணியில் சேருவோருக்குப் பழைய ஓய்வூதியமே இல்லையென்று ஆயிற்று. அடிப்படைச் சம்பளத்தைத் தொடவில்லை. ஆயினும் கைக்கு வருவது குறைந்தால் அதை வெட்டு என்றுதானே சொல்வோம்?

ஆசிரியர் சங்கங்களும் அரசு ஊழியர் சங்கங்களும் ஒன்றுகூடி, 2003 ஜூலை 2 அன்று வேலைநிறுத்தம் தொடங்கின. அரசு ஊழியர் என்ற சொல்லுக்குள் செவிலியரும், மருந்தாளுநரும், ஊர் ஊராக நடந்து தடுப்பூசி போடும் கிராம சுகாதார செவிலியரும் அடங்குவர் என்பதை நினைவிற் கொள்க. முந்தைய ஆண்டில் இயற்றப்பட்ட இன்றியமையாப் பணிகள் பராமரிப்புச் சட்டம் அரசின் கையில் ஆயத்தமாயிருந்தது. ஜூலை 4 அன்று ஓர் அவசரச் சட்டத்தால் அது மேலும் கூர்மையாக்கப்பட்டு, விசாரணையின்றியே பணிநீக்கம் செய்யலாம் என்றாயிற்று. ஏறத்தாழ 1,70,000 பேர் வேலையிழந்தனர். இந்திய நாட்டில் ஒரே வீச்சில் இத்தனை அரசு ஊழியர் நீக்கப்பட்டதாக நான் வேறெங்கும் படித்ததில்லை.

உயர்நீதிமன்றம் அவர்களை நிர்வாகத் தீர்ப்பாயத்திடம் போகச் சொன்னது. அத்தீர்ப்பாயத்திலோ அன்றைக்கு ஒரே ஓர் உறுப்பினர்! ஒருவரே லட்சக்கணக்கான வழக்குகளை எவ்வாறு விசாரிப்பார்? இதை உச்சநீதிமன்றமும் கருத்திற் கொண்டது. அங்கே அரசு, 6,072 பேர் தவிர ஏனையோரை மீண்டும் சேர்க்க இசைந்தது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் எழுதி, அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 22ஆம் விதிக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழி தரவேண்டும். எஞ்சியோரின் வழக்குகளை ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதிகள் மூவர் ஆராய்வதென்று ஏற்பாடாயிற்று.

அக்கடிதத்தில் கையொப்பமிட்டவர்களுள் நானும் ஒருவன். ஓர் அலுவலகத் தாழ்வாரத்தில் நீண்ட வரிசை. எனக்கு முன்னால் ஒரு கிராம சுகாதார செவிலியர் நின்றார். மன்னிப்பு என்ற சொல்லின் மீது அவர் பேனா சற்று நின்றதைக் கண்டேன். பின்பு எழுதினார். நானும் எழுதினேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

2003 ஆகஸ்டு 6 அன்று நீதியரசர்கள் எம். பி. ஷாவும் ஏ. ஆர். லட்சுமணனும் தீர்ப்பளித்தனர். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, அறநெறிப்பட்ட உரிமையும் இல்லை என்றனர். முதலிரண்டையும் பற்றி வழக்கறிஞர் வாதிடட்டும். மூன்றாவதை மட்டும் என்னால் இன்றளவும் முழுமையாக ஏற்க முடியவில்லை. அறம் எது என்பதைச் சொல்ல நீதிமன்றத்தை விடப் பெரிய இடங்கள் உண்டென்று வகுப்பறையில் சொல்லிப் பழகியவன் நான். ஆயினும் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: அந்நாட்களில் மூடிய அலுவலக வாயிலில் சாதிச் சான்றிதழுக்காகக் காத்து நின்ற ஏழைத் தாய்மாரையும் நான் பார்த்தேன். 2004 மே மாதம், மக்களவைத் தேர்தலில் தோற்றபின், அரசு ஊழியர் மீதான நடவடிக்கைகளைக் கைவிட்டது.

சிக்கனம் அத்தோடு நின்றதா? இல்லை, வழியை மாற்றிக்கொண்டது. பணியில் இருப்பவரின் ஊதியத்தை வெட்டினால் லட்சம் பேர் தெருவுக்கு வருவர். இன்னும் பணிக்கே வராதவரின் ஊதியத்தை வெட்டினால் எவர் வருவார்? 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதித் தேறிய செவிலியர் ஆயிரக்கணக்கானோர் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டனர். மாதம் 7,700 ரூபாய். பக்கத்துப் படுக்கையில் அதே ஊசியைப் போடும் நிரந்தரச் செவிலியரின் ஊதியமோ அதனினும் பன்மடங்கு. 2017 நவம்பர் இறுதியில் இவர்கள் சென்னைத் தேனாம்பேட்டையிலுள்ள மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் கூடி அமர்ந்தனர். மூன்றாம் நாளே உயர்நீதிமன்றம் போராட்டத்திற்குத் தடை விதித்தது; கலைந்தனர். அடுத்த ஆண்டு அத்தொகை 14,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

அவர்களுள் ஒருத்தி என் மாணவி. ஆரணி நெசவாளர் வீட்டுப் பெண். பணி ஆணையைக் காட்ட 2015இல் தந்தையோடு என் வீட்டிற்கு வந்தாள். அவர் அத்தாளை வாங்கி, தொகை எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "ஐயா, இது ஒரு மாசத்துக்குங்களா, பதினஞ்சு நாளைக்குங்களா?" என்று கேட்டார். மாதத்திற்குத்தான் என்று நான் சொன்னேன்.