பேச்சாளருக்கு ஒரு தனித்திரை

படங்காட்டிச் சொற்பொழிவாற்றுவோர்க்குக் காட்சிகள் இரண்டு வேண்டும். ஒன்று சபையோர் காண்பது. மற்றொன்று பேசுவோர் மட்டும் காண்பது. அடுத்து வரும் படம் யாது, மறவாமற் கூற வேண்டிய தொகை யாது, எஞ்சிய நேரம் எவ்வளவு என்பன இரண்டாம் வகையின. இவ்விரண்டையும் ஒரே கணினி பிரித்துக் காட்டுவது இன்று எளிய செயலாகத் தோன்றும். ஆனால் பேச்சாளர் இவ்வசதியை ஒருமுறை பெற்று, இழந்து, மீண்டும் பெற்றனர் என்பதே வரலாறு.

முதலில் இதனைத் தந்தது கணினியன்று. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பல்லாண்டு பயன்பட்ட ஓவர்ஹெட் புரொஜெக்டரே. ஒளிபுகும் தாளை அதன் கண்ணாடிமேல் வைத்தால், தாளிலுள்ளது பேச்சாளரின் பின்னுள்ள திரையில் விழும். அவர் சபையை நோக்கியே நிற்கலாம். தாளைச் சுற்றி ஒட்டிய அட்டைச் சட்டத்தில் தமக்கு வேண்டிய குறிப்புகளை எழுதிக்கொள்வதும் உண்டு. அட்டை ஒளியைத் தடுப்பதால் அக்குறிப்புகள் திரையை எட்டா. அடுத்த தாளோ கைக்கருகே இருக்கும். வெறும் அட்டைதான், எனினும் அது செய்த வேலையைக் கற்றுக்கொள்ளக் கணினிக்கு நெடுங்காலம் பிடித்தது.

1987 ஏப்ரலில், ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் முதலியோர் உருவாக்கிய பவர்பாயிண்டை ஃபோர்தாட் என்னும் அமெரிக்க நிறுவனம் மெக்கின்டாஷ் கணினிக்கென வெளியிட்டது. அவ்வாண்டிலேயே மைக்ரோசாப்ட் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு அந்நிறுவனத்தை வாங்கிற்று. அன்றைய பவர்பாயிண்ட் திரையில் படம் ஓட்டுவதற்காகப் பிறந்ததன்று. புரொஜெக்டரில் வைக்கும் தாள்களைக் கறுப்பு வெள்ளையில் ஆக்கித் தருவதே அதன் தொழில். ஆகவே அட்டைச் சட்டத்துக்கு அதனால் கேடு நேரவில்லை.

கேடு 1992இல் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 25ஆம் நாள், பாரிஸ் நகரின் ரெஜினா ஹோட்டலில், காஸ்கின்ஸ் வண்ணத்திரை மடிக்கணினியை மண்டபத்தின் வீடியோ புரொஜெக்டருடன் இணைத்துப் பவர்பாயிண்ட் 3.0ஐ இயக்கிக் காட்டினார். தாள் அச்சிடும் தொல்லை ஒழிந்தது. வண்ணமும் அசைவும் வந்தன. ஆனால் அக்காலத்து மடிக்கணினிகள் பொதுவாகத் தம் திரையிலுள்ளதையே வெளியே அனுப்பின. பேச்சாளர் காண்பதும் சபை காண்பதும் ஒன்றாயின. குறிப்பை எழுத ஓரம் இல்லை. விளைவு யாவரும் அறிந்ததே: சொல்ல வேண்டியதையெல்லாம் படத்திலேயே எழுதிவைத்து, சபைக்கு முதுகைக் காட்டி வாசித்தனர். இதற்காகப் பேச்சாளரைப் பழிப்போர் பலர். பழியில் ஒரு பங்கு அந்த ஒற்றைக் கம்பிக்கும் உரியது.

பல திரைகளைக் கணினி அறியாதிருந்ததோ எனின், அதுவுமன்று. 1987இல் வந்த மெக்கின்டாஷ் 2, பல திரைகளை ஒரே பரப்பாக விரித்தது. விண்டோஸ் உலகில்தான் தாமதம். பவர்பாயிண்ட் 97 இரண்டு கணினிகளைக் கம்பியால் பிணைத்து, ஒன்றைப் பேச்சாளருக்கும் மற்றொன்றைச் சபைக்கும் ஒதுக்கியது. ஒரு சொற்பொழிவுக்கு இரண்டு கணினிகளைச் சுமப்பவர் யார்? 1998இல் விண்டோஸ் 98 ஒன்பது திரைகள்வரை ஏற்றது. 2001இல் வெளியான பவர்பாயிண்ட் 2002, குறிப்பும் வரவிருக்கும் படங்களும் அடங்கிய தனித்திரையைப் பேச்சாளர்க்கு அளித்தது. 2008இல் ஓப்பன் ஆபிசும் இணைப்பு நிரல் ஒன்றால் இவ்வசதியைப் பெற்றது.

வசதி வந்தும் பயன்படுத்தியோர் சிலரே. திரைகளை நகலாக வைக்காமல் விரிக்க வேண்டும் என்பதும், எத்திரை எவருக்கு என்பதும் முன்னரே அமைக்கப்பட வேண்டும். அமைப்பு மாறினால் இரகசியக் குறிப்பு பெருந்திரையில் விழும். பவர்பாயிண்ட் 2013 புரொஜெக்டரைத் தானே அறிந்து தனித்திரையை அமைத்ததோடு, தவறினால் இரண்டையும் இடமாற்றும் கட்டளையும் தந்தது.

2020இல் பெருந்தொற்றால் கூட்டங்கள் இணையத்துக்கு மாறின. வீட்டில் ஒரே திரை. அதனை முழுமையாகப் பகிர்ந்தால் 1992இன் நிலைதான். 2021இல் மைக்ரோசாப்ட் டீம்ஸில் வந்த பவர்பாயிண்ட் லைவ், சபைக்குப் படத்தை மட்டும் அனுப்பி, குறிப்பைப் பேச்சாளரிடமே நிறுத்திவைத்தது.